ஆன்லைன் ரேடியோ சர்வருக்கு எந்த ஓஎஸ்?

சென்னையில் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1-ல் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. அந்த மாதிரி கேம்பஸ் எஃப்எம் சில கிலோமீட்டர்தான் எட்டும், லைசென்ஸும் வேணும். நெட் வழியா விட்டா தூரம் பிரச்சனையே இல்லை. ஆனா அதுக்கு ஒரு சர்வர் வேணும். அதுல எந்த ஓஎஸ் போடுறது?

டிசம்பர் 10, ராஜாஜி பிறந்த நாள். அவர் பிறந்த நம்ம தொரப்பள்ளியில ஒரு பேச்சுப் போட்டி நடத்தி, ஆடியோவை நேரலையா விடுறோம்னு வச்சுக்கோங்க. இதுல ரெண்டு வேலை இருக்கு.

முதல் வேலை, மைக் ஒலியை எம்பி3 ஆக்கி சர்வருக்கு அனுப்புறது. இதுக்கு 'பட்' என்ற இலவச மென்பொருள் போதும். உங்க விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஓடும், மாத்த வேண்டாம்.

ரெண்டாவது, அந்த ஒலியை ஒவ்வொரு நேயருக்கும் பிரதி எடுத்து அனுப்புறது. இதை ஐஸ்காஸ்ட் செய்யும். பிரதி எடுக்குறதுதான் வேலைங்கறதால பிராசசருக்குச் சுமை குறைவு. சுமை எல்லாம் நெட் மேலதான்: 128 கேபிபிஎஸ், 100 பேர்னா 12.8 எம்பிபிஎஸ் அப்லோடு. 64-க்கு இறக்கினா பாதி போதும், பேச்சுக்கு அதுவே தாராளம். வீட்டு பிராட்பேண்டில் பல சமயம் தனி பப்ளிக் ஐபி கிடைக்காது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அதனால வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் எடுக்குறதே நல்லது.

ஆக, "எந்த ஓஎஸ் வேகம்?" என்பது இங்கே முக்கியமான கேள்வி இல்லை. யாரும் பக்கத்துல இல்லாமலே ஓடுமா, எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதுதான் கேள்வி. ஐஸ்காஸ்ட் விண்டோஸிலும் ஓடும். ஆனா விபிஎஸ்-ல விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனிக் காசு, அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் வேற. டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸுக்குக் கொஞ்சம் ராம் போதும்.

லினக்ஸிலும் பார்த்து எடுக்கணும். சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவுன்னு சொல்லியிருந்தாங்க. 2020 டிசம்பரில் முடிவை மாத்தி, 2021 டிசம்பர் 31-லேயே நிறுத்திட்டாங்க. நம்பி சர்வர் போட்டவங்க எல்லாம் வேற ஓஎஸ் தேட வேண்டியதாச்சு.

என் தேர்வு டெபியன். தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம், ஒரு வெர்ஷனுக்கு சுமார் 5 வருஷம் அப்டேட், ஐஸ்காஸ்ட் அதன் களஞ்சியத்திலேயே இருக்கு. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். உபுண்டு எல்டிஎஸ் பழகியவங்க அதையே வச்சுக்கலாம்.

எந்த ஓஎஸ் போட்டாலும் ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஐஸ்காஸ்டின் மாதிரி பாஸ்வேர்டு 'ஹேக்மீ'. அதை மாத்தலைன்னா உங்க மேடையில வேற யாரோ பேசுவாங்க. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சர்வரை ஒருமுறை ரீபூட் பண்ணுங்க. ஐஸ்காஸ்ட் தானா எழுந்து வந்தா, நிம்மதியா தூங்கலாம்.