முயலின் நிறமும் மறைந்த வெண்மையும்

பழுப்பு முயல்கள் இரண்டு கூடி வெள்ளைக் குட்டி ஈனுமாயின், வளர்ப்போர் ஆண் முயல் கலப்பினமென்று கருதி அதனை விலக்கிவிடுதல் உண்டு. அஃது அநீதி. நாம் கூறுவது செங்கண் வெள்ளையை. நீலக்கண் வெள்ளைக்கு மூலம் வேறு.

முயல் ஒவ்வொன்றும் நிறத்துக்குரிய ஜீனைத் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாகப் பெறுகின்றது. முழுநிற ஜீன் ஒன்றிருப்பின், வெண்மைக்குரியது உடனிருந்தும் வெளிப்படாது. பெற்றோர் இருவரும் வெண்மையை மறைத்துக் கொண்டிருந்தாலன்றி அக்குட்டி தோன்றாது. அத்தகையோரின் குட்டிகளுள் நான்கில் ஒன்று வெள்ளையாமென எதிர்பார்க்கலாம்; ஓர் ஈற்றில் இக்கணக்குப் பிசகுதலும் இயல்பே. ஹார்வர்டு ஆசிரியர் காஸில் என்பார் முயல், கினிப்பன்றி இவற்றின் உரோமப் பரம்பரையை ஆராய்ந்து 1905-ல் நூல் வெளியிட்டார்.

முழுநிறத்துக்கும் வெள்ளைக்கும் இடையே சின்சில்லா, ஹிமாலயன் என்னும் வகைகளும் உள. இவற்றுள் ஹிமாலயன் விந்தையானது. உடல் வெண்மை, மூக்கும் செவியும் காலும் வாலும் கருமை. கருமையை ஆக்கும் நொதி உடற்சூட்டில் செயலிழந்து, குளிர்ந்த உறுப்புகளிலேயே தொழிற்படுகின்றது. முதுகு உரோமத்தை மழித்து அவ்விடத்தைப் பனிக்கட்டியாற் குளிர்வித்துவரின், புதிதாய் முளைப்பது கருமையாகின்றது!

ஐயத்துக்குரிய ஆணைச் செங்கண் வெள்ளைப் பெண்ணோடு சேர்த்துப் பார்த்தல் தகும். வெள்ளைக் குட்டி ஒன்று பிறப்பினும் மறைவு வெளிப்பட்டது. ஏழும் நிறமுடையனவாயின், வெண்மையை மறைத்த ஆண் அங்ஙனம் தப்புதற்கு 128-ல் ஒரு வாய்ப்பே உண்டு. பெண்ணையும் வெள்ளை ஆணோடு சேர்த்து இவ்வாறே சோதித்தல் வேண்டும்.