27 வயதுக் குழந்தையா?



சபையில் நாம் வாய் திறவாத ஒரு காரியத்தைக் குறித்து இம்முறை எழுதுகிறேன். வாசிக்கையில் சிலருக்குச் சங்கடமாயிருக்கலாம்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் 27 வயது மகளை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மகளுக்கு டவுன் சின்ட்ரோம். "ஐயா, இவள் கர்ப்பப்பையை எடுத்துவிடும்படி டாக்டரம்மாவிடம் நீங்கள் சொல்லவேண்டும். இவள் குழந்தை, ஒன்றும் தெரியாது. எனக்குப் பின் இவளுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்?" என்று அழுதார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்டரம்மாவிடம் பரிந்து பேசினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே: "கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது. தொடுகிற கை நின்றுவிடுமா, ஐயா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். கர்ப்பம் தரிக்காது என்றால் தீங்கு செய்கிறவனுக்குத் துணிச்சல்தான் கூடும். நடந்தது வெளியே தெரியாமலும் போகும்.

1994இல் புனேயில், அரசு இல்லமொன்றிலிருந்த பெண்கள் பலருக்கு, மாதவிலக்கின்போது சுத்தம் பேண இயலவில்லை என்று சொல்லி, கர்ப்பப்பையை அகற்றினார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகே அது நின்றது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தின் சுவர்களுக்குள்ளேயே ஒரு பெண் கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். அவள் குழந்தையைப் பெற விரும்பினாள். அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இன்னும் தெளிவாகவே பேசுகிறது: விவரம் அறிந்து, தானாகத் தரும் சம்மதம் இல்லாமல், மலடாக்கும் சிகிச்சை எதையும் அவர்களுக்குச் செய்யக்கூடாது. இனப்பெருக்க நலனைக் குறித்த தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்லுகிறது.

அறிவு வளர்ச்சி தாமதப்பட்டாலும் சரீரம் பெரும்பாலும் அதன் காலத்தில் வளர்ந்துவிடுகிறது. ஆசையும் வெட்கமும் கூடவே வரும். நாமோ அவர்களைக் குழந்தைகள் என்று கொஞ்சி, எவர் கட்டியணைத்தாலும் சும்மாயிருக்கவும், பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் கீழ்ப்படியவும் பழக்கிவிடுகிறோம். தீங்கு செய்கிறவன் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவனே. அந்தக் கீழ்ப்படிதல் அவனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சமூகப்பணியாளர் அந்த மகளுக்கு வாரம் ஒருமுறை, இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளுக்கு ஒரே பாடம், அதையும் பலமுறை. முதலில் உறுப்புகளின் சரியான பெயர்கள். "அங்கே", "அது" என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவள், நடந்ததை டாக்டரிடமோ போலீசாரிடமோ எப்படிச் சொல்வாள்? அடுத்து மாதவிலக்கு. துணிப் பொம்மைக்கு உள்ளாடை போட்டு, நாப்கின் வைக்கவேண்டிய இடத்தைப் பேனாவால் கோடிட்டுக் காட்டினார். நாப்கினில் சிவப்பு மையை ஊற்றி, எப்போது மாற்றவேண்டும், எப்படிச் சுருட்டிப் போடவேண்டும் என்று செய்துகாட்டினார். பின்பு, யாருக்குக் கைகொடுக்கலாம், யாரை அணைக்கலாம், எப்போது "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லவேண்டும் என்பதையெல்லாம் நடித்துப் பழகினார்கள்.

ஆண்களுக்கும் பாடம் வேண்டும். முற்றத்தில் உட்கார்ந்து தன்னைத் தொட்டுக்கொள்ளும் 30 வயது மகனை அடிக்கிறோமே தவிர, அது தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவேண்டிய காரியம் என்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அடி வாங்கியவன் அடியைத்தான் நினைவில் வைக்கிறான்.

"இதெல்லாம் சொன்னால் இல்லாத ஆசையைக் கிளப்பிவிடுமே?" என்று அந்தத் தாயார் அஞ்சினார். நானும் அஞ்சினேன் என்பதை மறைக்கமாட்டேன். மூன்றாம் மாதம் அவள் காலண்டரில் தன் தேதிகளைத் தானே சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தாள். கர்ப்பப்பையைக் குறித்து அந்தத் தாயார் பிறகு கேட்கவில்லை.

கடைசியாக அவர்கள் வந்தபோது, பழக்கதோஷத்தில் அவள் கன்னத்தைத் தட்டப் போனேன். அவள் ஓர் அடி பின்வாங்கி, கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்றாள்.