பிரெஞ்சுப் புரட்சிக் காசுகள்

1792-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையால், தருமபுரி அடங்கிய பாராமகால் நாடு ஆங்கிலக் கும்பினியாரின் கைக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கடல் கடந்த பிரான்சு நாட்டில் முடியாட்சி ஒழிந்து குடியாட்சி தோன்றிற்று. இத்தகைய மாறுதல்களை ஏட்டில் படிப்பதோடு அமையாமல், உள்ளங்கையில் வைத்துக் காண விரும்புவோர் பழங்காசுகளைத் தேடுகின்றனர்.

பிரான்சின் பழைய வெள்ளிக் காசில் பதினாறாம் லூயி, கடவுள் அருளால் பிரான்சுக்கும் நவாருக்கும் மன்னன் என்று இலத்தீன் மொழியில் குறிக்கப்பட்டான். 1791 முதல் அவ்வாசகம் பிரெஞ்சு மொழிக்கு மாறி, 'பிரெஞ்சு மக்களின் மன்னன்' என்று ஆயிற்று. நாட்டை உடையவன் மக்களுக்கு உரியவனாகிவிட்டான்! காசின் மறுபுறத்தில், சிறகு படைத்த தெய்வ உரு ஒன்று பலகையில் அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருக்கும். அதனைத் தீட்டியவர் துய்ப்ரே என்னும் சிற்பி. 1793 சனவரி 21-இல் மன்னன் கொல்லப்பட்டான். அவ்வாண்டின் ஆறு லீவர்க் காசில் சிறகுரு அவ்வாறே இருக்கிறது. மன்னன் முகம் இருந்த இடத்திலோ, இலைமாலை நடுவே காசின் மதிப்பு மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

அக்காலத்தில் செம்புக்குப் பஞ்சம் வந்தது. ஆதலால் தேவாலய மணிகளை உருக்கியும் சில்லறை அடித்தனர். இருபது சோல் ஒரு லீவர், பன்னிரண்டு தெனியே ஒரு சோல் என்றிருந்த பழைய கணக்கும், 1795-இல் நூறு சாந்தீம் ஒரு பிராங்கு எனத் திருந்தியது. நம் நாட்டில் ரூபாயை நூறு நயாபைசாவாகப் பகுத்தது 1957-இல்தான். புதிய ஐந்து பிராங்கு வெள்ளிக்காசின் எடை 25 கிராம். எடை பெரிதும் வேறுபட்டால் அது போலியோ என்று ஐயுற வேண்டும். புளியிட்டுத் துலக்குவதோ பெருந்தீங்கு. எழுத்துத் தேய்ந்த காசு ஊமையாகிவிடும்.

ஆண்டைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவர். குடியரசினர் 1792 செப்டம்பர் 22-ஐத் தொடக்கமாகக் கொண்டு புதிய ஆண்டுக் கணக்கு வகுத்தனர். ஆகவே 'ஆண்டு 4' என்றிருப்பின், அக்காசு 1795 செப்டம்பருக்கும் 1796 செப்டம்பருக்கும் இடைப்பட்டது. திப்புவின் காசுகளும் இவ்வாறே மருட்டுவன. அவரும் 1787-இல் மௌலூதி என்னும் புதிய ஆண்டு முறையைக் கைக்கொண்டார். அதில் 1215 என்னும் எண் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். யானை உருப்பொறித்த அவருடைய செப்புக் காசைக் கையில் எடுப்பவர் இதனை மறத்தலாகாது.

தருமபுரி மண்ணில் பழங்காசுப் புதையல் அகப்படின், எடுத்தவர் தமக்கென வைத்துக்கொள்ள இயலாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

திப்பு 1799 மே 4-இல் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவருடைய ஆண்டுக் கணக்கும் அவரோடு முடிந்தது. பிரெஞ்சுக் கணக்கு 1805 இறுதிவரை நின்றது. 'ஆண்டு 14' என்று பொறித்த நெப்போலியன் காசுகள் ஏறத்தாழ நூறு நாள்களுக்குள் அடிக்கப்பட்டவை.