காய்ச்சல் இறங்கியதும் தாதி ஏன் கையைத் தொடுகிறார்?

மாணவர்களே, டிங்கி நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. வீட்டாருக்கு நிம்மதி. தாதியோ அப்போதுதான் அடிக்கடி வந்து பார்க்கிறார். ஏன்?

டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதே தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கசிவு அதிகமானால் உடல் கை, கால்களின் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைத் தக்கவைக்கிறது. அதனால்தான் உள்ளங்கை சில்லிடுகிறது. நாடியும் வேகமாகத் துடிக்கிறது. வெப்பமானி இதைச் சொல்லாது!

இரத்த அழுத்தம் 100/85. மேல் எண் பரவாயில்லை என்றுதான் தோன்றும். கழித்துப் பாருங்கள்: 15. வித்தியாசம் 20 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், டிங்கியில் அது அதிர்ச்சி நிலையின் அடையாளம். தாதி நகத்தை அழுத்தி விடுகிறார். சிவப்பு திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகிறது. உடனே மருத்துவரை அழைக்கிறார்.