உழவு இயந்திரத்தின் எண்ணெய்த் தூக்கி: பழுதறியும் முறை



மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளை, கலேவெல, நாவுல முதலிய பகுதிகளில் நெல் வயல்களையும் பெரிய வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களையும் பண்படுத்துவதற்குச் சிறிய நாற்சில்லு உழவு இயந்திரங்கள் பயன்படுகின்றன. இயந்திரத்தின் பின்னே பூட்டிய கலப்பையை உயர்த்தித் தாழ்த்துவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கியாகும். கராஜ்களில் இதனை ‘ஹைட்ரோலிக்’ என்பர். போகக் கூட்டத்தில் நீர் விடும் நாள் குறிக்கப்பட்ட பின்னர் இத்தூக்கி நின்றுவிடின் உழவு பிந்தும். உழவு பிந்தினால் விதைப்பும் பிந்தும். வாய்க்கால் நீர் எவருக்காகவும் காத்திராது.

தூக்கி வேலை செய்யாதவிடத்து, பம்பி பழுதாயிற்று என உடனே முடிவு செய்தல் தவறாகும். பம்பி விலை கூடிய உறுப்பு. எண்ணெய்க் குறைவும் அழுக்கடைந்த வடிகட்டியும் அதே குறிகளைக் காட்டும். ஆகையால் செலவற்ற சோதனைகளை முதலிலும், செலவு மிக்கவற்றை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

தூக்கி இயங்கும் விதம்

எஞ்சினாற் சுழலும் பம்பி, எண்ணெயை வடிகட்டியினூடாக உறிஞ்சி அழுத்தத்துடன் கட்டுப்பாட்டு வால்வுக்கு அனுப்புகின்றது. கைபிடியை உயர்த்தும்போது அவ்வெண்ணெய் சிலிண்டரினுட் சென்று பிஸ்டனைத் தள்ள, தூக்குக் கைகள் மேலெழுகின்றன. கைபிடியைத் தாழ்த்தும்போது எண்ணெய் வெளியேற, கலப்பை தன் பாரத்தாலேயே இறங்குகின்றது. பாரம் அளவை மீறின் மிகையழுத்த வால்வு திறந்து பம்பியைக் காக்கும். ஹரி பேர்குசன் என்பார் வகுத்த இம்முறை, மும்முனை இணைப்புடன் 1936ஆம் ஆண்டு பேர்குசன்-பிரவுண் உழவு இயந்திரத்தில் விற்பனைக்கு வந்தது. பல சிறிய இயந்திரங்களில் கியர்ப் பெட்டியின் எண்ணெயே தூக்கிக்கும் பயன்படுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

தொடுமுன் கவனிக்க வேண்டியவை

கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்த பின்னரே சோதிக்க வேண்டும். உயர்த்திய கலப்பையின் கீழ்க் கையையோ காலையோ நீட்டலாகாது. கசிவைக் கைவிரலால் தேடுதலும் ஆகாது. மட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்க்கவும். நுண்துளையூடாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாக இருப்பினும், நோவு இல்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குச் சென்று எண்ணெய் உட்புகுந்ததைக் கூறுதல் வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

சோதிக்கும் ஒழுங்கு

1. எண்ணெய் அளவு: இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, தூக்குக் கைகளை முற்றாக இறக்கிய பின் அளவுக் கம்பியைப் பார்க்கவும். இரத்தோட்டை, லக்கல போன்ற சரிவு நிலங்களில் இதற்குச் சிறப்பான கவனம் வேண்டும். எண்ணெய் சிறிது குறைந்திருந்தாலும், சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்க, பம்பி காற்றை உறிஞ்சும்.

2. கைபிடியும் திருகியும்: கலப்பை இறங்க மறுத்தால், ஆசனத்தின் கீழுள்ள இறக்கு வேகத் திருகி மூடியிருக்கின்றதா எனப் பார்க்கவும். பழைய பேர்குசன் ரி.ஈ. 20 இயந்திரத்தில் பம்பியை இயக்குவது பி.ரி.ஓ. தண்டாகும், அதன் கைபிடி பூட்டப்படாவிடின் தூக்கி இயங்காது.

3. பாரம்: கலப்பையில் ஒட்டிய சேற்றைக் கழுவுக. பின்னர் அதனைக் கழற்றி, வெறுங்கைகள் உயர்கின்றனவா எனப் பார்க்கவும். வெறுங்கைகள் நன்கு உயருமாயின், கருவி அளவுக்கு மிஞ்சிய பாரமுடையதாகலாம். அல்லது அழுத்தம் குறைந்திருக்கலாம்.

4. வடிகட்டியும் உறிஞ்சு குழாயும்: பம்பி கீச்சென ஒலித்து, கைகள் திக்கித்திக்கி எழுந்தால், வடிகட்டி அடைபட்டிருக்கும் அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பூடாகக் காற்றுப் புகும். வடிகட்டியைச் சுத்தம் செய்க அல்லது மாற்றுக, இணைப்புகளை இறுக்குக.

5. எண்ணெயின் நிறம்: பால்போல வெளுத்திருந்தால், சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு வைக்கவும். விரைவில் தெளியுமாயின் கலந்திருந்தது காற்று. வெண்மை நீங்காதிருப்பினும், அடியில் நீர் தங்கினும், எண்ணெயில் நீர் கலந்துள்ளது. சேற்றுழவில் இது நேரக்கூடும். அவ்வெண்ணெயை முற்றாக வடித்து, புதியது இட்டு, நீர் புகுந்த வழியையும் அடைக்க வேண்டும். இல்லையேல் கியர்ப் பற்களும் கெடும்.

பொறிவல்லுநரிடம் விடவேண்டியவை

குளிர்ந்த நிலையில் நன்கு தூக்கி, சூடேறியதும் தளர்ந்தால், பம்பி தேய்ந்திருக்கலாம் அல்லது பொருந்தாத மெல்லிய எண்ணெய் இடப்பட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்தியதும் கலப்பை விரைந்து இறங்கினாலும், ஓடும்போது கைகள் மேலுங்கீழுமாகத் தலையாட்டினாலும், சிலிண்டர் சீல் அல்லது வால்வு உட்கசிகின்றது. இவற்றைத் திருத்த அழுத்தமானியும் பயிற்சியும் வேண்டும். தூக்கும் வலுவைக் கூட்டுவதற்காக மிகையழுத்த வால்வினுள் வாசர் வைத்து இறுக்குதல் ஒருபோதும் ஆகாது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

போகத்திற்கு முன் செய்யவேண்டியவை

பெரும்போக, சிறுபோக உழவுகள் தொடங்குவதற்கு இரு வாரங்கள் முன்பே எண்ணெயையும் வடிகட்டியையும் பார்த்துவிடுக. இயந்திரக் கைந்நூல் கூறும் எண்ணெயையே, கூறும் மணிக்கணக்கில் மாற்றுக. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இடலாகாது. ஊற்றும் புனலும் பாத்திரமும் மணலின்றிச் சுத்தமாயிருத்தல் வேண்டும். எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய மணிகளையும் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பின், அடுத்த முறை ஐயம் எழாது.

மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். பண்ணை இயந்திரங்களை ஆராயும் திணைக்கள நிலையம் மகா இலுப்பள்ளமையில் இருக்கின்றது. கராஜுக்குச் செல்லும்போது, மேற்கூறிய ஐந்து சோதனைகளில் நீங்கள் கண்டவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். பழுதின் இடம் விரைவில் தெரியும். வேண்டாத பம்பிக்குப் பணம் கொடுக்கவும் நேராது.