மனச்சுமையும் சமூகமும்



நாஞ்சில் நாட்டவராகிய நாம் கல்வியைப் பெரிதும் போற்றுபவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதலிடத்தைப் பெற்றது நமது கன்னியாகுமரி மாவட்டமே. எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர். இது பெருமைக்குரியது. ஆயினும், கல்வி குடும்பத்தின் பெருமையாகிவிட்ட இடத்தில், தேர்வில் தவறுதல் குடும்பத்தின் அவமானமாகவும் ஆகிவிடுகிறது. அவ்வவமானத்தை முதலில் சுமப்பது பிள்ளையின் மனமே. மனச்சுமை ஒருவரின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதன்று. சுற்றியுள்ளோரின் வழக்கங்களாலும் ஏற்றப்படுவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

அழுத்தம் உடலில் செய்வது

அச்சமூட்டும் நிலை நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்ட்டிசால் ஆகியவற்றை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. இது தீமையன்று. துரத்தும் நாயிடமிருந்து தப்பியோட இதுவே துணை. தேர்வுக்கு முன் தோன்றும் சிறு பதற்றம்கூடப் படிக்கத் தூண்டும்.

ஆபத்து நீங்கியதும் உடல் அமைதிக்குத் திரும்ப வேண்டும். நாள்தோறும் அச்சம் தொடருமாயின் அது திரும்புவதில்லை. உறக்கம் கெடும், நினைவு மங்கும், பசி குறையும் அல்லது மிகும், காரணம் புலப்படாத தலைவலியும் வயிற்றுவலியும் வரும். நீடித்த அழுத்தம் உடல்நலத்தைக் குலைக்கும் விதத்தை 1936ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து விளக்கியவர் ஹான்ஸ் செலி என்னும் அறிஞர்.

சமூக நிலைக்கும் இதில் பங்குண்டு. லண்டன் அரசு அலுவலர்களிடையே 1967இல் தொடங்கப்பெற்ற ஒயிட்ஹால் ஆய்வு, பதவிப்படியில் கீழே செல்லச் செல்ல இதயநோயால் இறப்போர் மிகுந்திருந்ததைக் காட்டியது. தம் பணியின்மேல் தமக்கே அதிகாரம் இல்லாத நிலை அதற்கு ஒரு காரணம் எனப் பின்னைய ஆய்வுகள் தெரிவித்தன. சுமையின் அளவு மட்டுமன்று, அதனை இறக்கிவைக்க வழியில்லாமையும் மனிதரை வாட்டுகிறது.

ஓர் ஆசிரியையின் தவறு

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியலைப் படித்துத் தேறியவள் நான். எனினும் கற்றதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

1980களில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படி, பெயரையும் எண்ணையும் உரக்கக் கூறி வழங்குவது என் வழக்கம். கடைசித் தாளைப் பெற ஒருத்தி எழுந்து வருகையில் வகுப்பு சிரிக்கும். நான் தடுத்ததில்லை, வெட்கம் ஊக்கம் தரும் என எண்ணினேன்.

ஒரு மாணவி தொடர்ந்து மூன்று தேர்வுகளில் கடைசியாக வந்தாள். பின்னர், தாள் வழங்கும் நாள்களில் வயிற்றுவலி என்று வரமாட்டாள். அவளது முன்னேற்ற அறிக்கையில் ‘சோம்பல்’ என்று எழுதினேன். சில வாரங்களில் அடியோடு நின்றுவிட்டாள்.

வீட்டிற்குச் சென்று பார்த்தேன். தாய் நோயுற்றுப் படுத்திருந்தார். தந்தை வெளியூரில் கூலி வேலை. விடியுமுன் எழுந்து சமைத்து, நீர் சுமந்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பியபின் அவள் வகுப்புக்கு வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: “பேப்பரைக் கடைசியில தந்தாலும் பேரு விளிக்காமத் தாருங்க, டீச்சர்.”

அங்ஙனமே செய்வதாகச் சொன்னேன். ஆயினும் அவள் திரும்பி வரவில்லை. மறுவாரம் முதல் தாள்களை மடித்து, வரிசையின்றி வழங்கலானேன். அது அவளுக்குப் பயன்படவில்லை. அவளுக்குப் பின் வந்தவர்களுக்குப் பயன்பட்டது. வறுமையை நான் நீக்கியிருக்க இயலாது. அதன்மேல் நான் ஏற்றிய அவமானத்தை ஏற்றாமல் இருந்திருக்க இயலும். சொல்லால் இழைப்பதும் ஹிம்சையே.

வழக்கம் மாறினால் சுமை குறையும்

நாடும் இப்பாடத்தை மெல்லக் கற்றுவருகிறது. முன்னாளில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு வீணாகும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்த உடனடித் துணைத் தேர்வு, தவறியவர்களும் அவ்வாண்டிலேயே மேற்படிப்பிற் சேர வழி திறந்தது. அதனை வலியுறுத்தியவர்களுள் ஒருவர், 1986இல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டது.

சட்டமும் மாறிற்று. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு குற்றவாளியாகக் கருதியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. தண்டனைக்கு உரியவராயிருந்தவர் உதவிக்கு உரியவரானார்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மதிப்பெண்ணைக் கேட்குமுன், “உண்டாயா, உறங்கினாயா?” என்று கேளுங்கள்.

2. பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உறவினர் கூடும் திருமண வீட்டில் தேர்வு முடிவை விசாரிப்பதைத் தவிருங்கள்.

3. உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, தனிமை நாடல், காரணமற்ற அழுகை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

4. ‘வாழ விருப்பமில்லை’ என்று ஒருவர் சொன்னால் அறிவுரை கூறாது முழுதும் கேளுங்கள், தனியே விடாதீர்கள். 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் கட்டணமின்றி உதவி கிடைக்கும்.

5. மனநோய்க்குப் பரம்பரை, உடற்கூறு முதலிய பிற காரணங்களும் உண்டு. ஆதலின் எவரையும் பழித்துப் பயனில்லை. மருந்து வேண்டுமிடத்தில் அன்பு மட்டும் போதாது. அன்பு வேண்டுமிடத்தில் மருந்து மட்டும் போதாது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

அ) நம் வீட்டில் தோல்வியை அஞ்சாது சொல்ல இடமுண்டா?

ஆ) நாம் பிறர்மீது ஏற்றும் சுமைகளில் இன்றே இறக்கக்கூடியது எது?

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாத் தேரை எவ்வளவு வலியவராயினும் ஒருவர் தனியே நகர்த்த இயலாது. அங்ஙனம் அசையாதபோது, வடம் பிடித்தவரை வலுவற்றவர் என்று எவரும் ஏசுவதில்லை. இன்னும் நான்கு பேர் சென்று கைகொடுக்கிறார்கள். சோர்ந்த மனத்திற்கும் நாம் செய்யத்தக்கது அதுவே.