உறுமும் இசை

'இசை' என்னுஞ் சொல்லுக்கு இசைவிப்பது, அஃதாவது கேட்போர் உள்ளத்தைத் தன்னோடு பொருந்தச் செய்வது என்று பொருள் கூறுவர். அங்ஙனமாயின், கேட்ட அளவிலே செவியைப் பொத்திக்கொள்ளத் தூண்டும் ஓர் ஓசையை இசையென வழங்குதல் தகுமோ? சென்ற ஆண்டு வரையில் யான் இவ்வினாவிற்குச் சிறிதும் தயங்காது 'தகாது' என்றே விடையிறுத்திருப்பேன்.

விடுதியில் எனக்கு அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர், இரவில் நெடுநேரம் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். அதனின்று கசியும் ஓசை, பவுண்டரி என்று நம்மூரார் வழங்கும் வார்ப்படச் சாலையில் பழைய இரும்பைக் கொட்டிக் கவிழ்ப்பது போலிருக்கும். நற்றிணைப் பாடல்களுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த எனக்கு அஃது பேரிடையூறாயிற்று. "இதனையுமா இசையென்பது?" என்று ஒருநாள் கடிந்து கேட்டேன். அவர் சினந்தாரில்லை. தம் தந்தையார் இறந்தபின் தமக்கு அழுகையே வரவில்லையென்றும், இக்குரல்களைக் கேட்கும்பொழுது மட்டும் தமக்காக வேறொருவர் அழுவது போலத் தோன்றுகிறதென்றும் மெல்லச் சொன்னார். மறுமொழி கூற வகையறியாது என் அறைக்குத் திரும்பினேன். இக்கட்டுரைக்குரிய ஆராய்ச்சி அவ்விரவிலே தொடங்கியது.

நண்பர் கேட்டுவந்த இசையின் பெரும்பெயர் மெட்டல் என்பது. அதன் கிளைகளுள் ஒன்று மெட்டல்கோர். மெட்டல் என்றால் உலோகம். பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. என்னை? இஃது உருப்பெற்ற ஊர் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம். நம் கோயம்புத்தூரைப் போலவே இரும்பும் எந்திரமும் மலிந்த தொழில் நகரம். டோனி ஐயோமி என்னும் இளைஞர் அங்கே ஓர் உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கையில், தமது பதினேழாம் வயதில், வலக்கையின் இரு விரல்நுனிகளை எந்திரத்திற்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் கிட்டாரின் நரம்புகளை அழுத்த வேண்டுவது அவ்வலக்கையே. அவர் கருவியைக் கைவிடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குக் கூடு செய்து மாட்டினார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவரது 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. அதனையே மெட்டலின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அதன் கனத்த தாழ்குரலுக்குக் காயம்பட்ட கையொன்றும் ஒரு காரணமென்பது என்னை வெகுவாகச் சிந்திக்கச் செய்தது.

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்களில், குறுகிய நேரத்தில் விரைந்து முழங்கி முடியும் 'ஹார்டுகோர்' என்னும் முரட்டுப் பாடல்வகை இளைஞரிடையே பரவியது. அதுவும் மெட்டலும் கலந்தமையால் பிறந்ததே மெட்டல்கோர். மாசசூசெட்ஸைச் சார்ந்த 'கில்சுவிச் என்கேஜ்' குழு 2002இல் வெளியிட்ட இசைத்தட்டு இதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பாட்டின் அடிகளை உறுமியும் அலறியும் பாடி, பல்லவி போன்ற பகுதியை இனிய குரலிற் பாடுதல் இவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் அமைப்பு. இடையிலே ஓரிடத்தில் விரைவு திடீரெனப் பாதியாகக் குறையும். கிட்டாரின் தாழ்ந்த நரம்பும் காலால் மிதித்து அடிக்கும் பெருமுழவும் ஒரே கணத்தில் ஒன்றாக இடிக்கும். 'பிரேக்டவுன்' எனப்படும் இவ்விடத்திற்காகவே கேட்போர் காத்திருப்பர். தாளம் தவறினால் இப்பகுதி ஒருகணமும் நில்லாது. வெறுங் கூச்சலென்று யான் எண்ணியது எத்துணைக் கணக்குடையதென்பதை இதனால் அறிந்தேன்.

குரலைப் பற்றி ஒருவாறு விரித்துரைக்க வேண்டும். என் தப்பெண்ணம் முதலில் உடைந்தது அங்கேதான். இங்ஙனம் உறுமுவோர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துகின்றனர் என்று நினைத்திருந்தேன். உண்மை வேறு. நாம் பேசும்போது அதிர்வன குரல்நாண்கள். அவற்றிற்குச் சற்று மேலே மற்றோர் இணை மடிப்புகள் உள. உறுமற்குரலில் அம்மேல் மடிப்புகளும் அதிர்கின்றன. இதற்கு வேண்டுவது தொண்டையின் முரட்டு வலிமையன்று. வயிற்றினின்று அடக்கி விடும் மூச்சு. நியூயார்க்கைச் சார்ந்த மெலிசா கிராஸ் என்னும் ஆசிரியை இக்கலையைப் பாடமாகவே கற்பித்து, 2005இல் பயிற்சிப் படமொன்றையும் வெளியிட்டார். பயிலாது கத்துவோர் விரைவிலே குரலிழப்பர். எழுத்துக்களின் பிறப்பைக் கூறப்புகுந்த தொல்காப்பியரும் உந்தியினின்று எழுங் காற்றையே முதலாக வைத்து, அதன் பின்னரே தலை, மிடறு, நெஞ்சு முதலிய இடங்களைப் பேசுகிறார். பிறப்பியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபொழுது, இப்படியொரு பாடகருக்கும் அது பொருந்துமென யான் கனவிலும் கருதியதில்லை.

மேலும், ஆங்கிலத்தார் இக்குரலுக்கு வைத்த பெயர் உறுமல் என்றே பொருள்படும். நம்மிடமோ உறுமி என்னும் பெயரால் ஒரு கருவியே உளது! இடை சிறுத்து இருமுகம் கொண்ட அதன் ஒருபுறத்தை வளைந்த கோலாற் தேய்க்க, அது விலங்குபோல் விம்மி உறுமும். கொங்குநாட்டுக் கோயில் நோன்பிகளில் அதனைக் கேளாதார் இலர். அவ்வோசை செவிக்கு இனியதென்று ஒருவருங் கூறார்; ஆயினும் அஃதின்றி விழா நடவாது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு எனத் தரம்பிரித்து அடுக்குகிறார். கடையில் நின்ற முழவும் முழவே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி, நண்பர் விரும்பிக் கேட்ட குழுவுக்கு வருவோம். அது புதுடில்லியைச் சார்ந்தது; பெயர் 'பிளட்டிவுட்'. பம்பாய்த் திரைத்துறையின் பெயரைக் கேலிசெய்து அமைத்த பெயர் அது. தூய மெட்டல்கோர் என்று அதனை எவரும் வகுப்பதில்லை. மெட்டலோடு பஞ்சாபி நாட்டிசையும் சொல்லடுக்கும் விரவிய கலப்பிசை அவர்களது. எனினும் உறுமற்குரல், இனிய பல்லவி, இடிக்கும் இடைப்பகுதி ஆகிய யாவும் அங்கும் உள. கரன் கட்டியார் என்பவர் சட்டம் பயின்று நிறுவனச் சட்டத்துறையில் வேலை பார்த்தவர். அவ்வேலையை விட்டு வந்து, ஜெயந்த் பதூலா என்னும் பாடகரோடு 2016இல் இக்குழுவைத் தொடங்கினார். ஒருவர் கிட்டாரும் புல்லாங்குழலும் இசைத்துப் பதிவையும் செப்பம் செய்வார், மற்றவர் பாடுவார். பெயர் பெற்ற பாட்டுக்களை மெட்டலாக மாற்றி நகைச்சுவையாக இணையத்தில் வெளியிடுவதே முதலில் அவர்கள் தொழில். அறையும் கணினியுமே அவர்களுக்கு அரங்கு. 2018இல் 'அரி அரி' என்னும் பாட்டில் ராவுல் கெர் என்னும் சொல்லிசைஞர் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஐரோப்பியப் பயணம். வட ஜெர்மனியில் வாக்கன் என்னும் சிற்றூரில் 1990 முதல் மெட்டல் விழா நடைபெற்று வருகிறது. ஏறத்தாழ 2000 பேரே வாழும் அவ்வூர் விழா நாட்களில் பெருநகராகிவிடும். சார்தக் பாவா கழுத்தில் தோலை மாட்டிக்கொண்டு அவ்வரங்கில் அடித்தார். தோல் என்பது பஞ்சாபியரின் இருமுகப் பறை. ஒருபுறம் வளைந்த தடித்த கோலும், மறுபுறம் மெல்லிய குச்சியும் கொண்டு அடிப்பது.

முதல் முழுநீள இசைத்தட்டாகிய 'ரக்ஷக்' 2022 பிப்ரவரி 18ஆம் நாள் வெளிவந்தது. அதனை எந்நிறுவனத்தையும் சாராது அவர்களே வெளியிட்டனர். 2025 மார்ச்சில் 'நியூ டெல்லி' என்பது வந்தது. விருதையும் விழாவையும் பற்றி எழுதினால் பக்கம் நிரம்பும். அவற்றினும் அவர்தம் போக்கே எனக்குப் பெரிதாகப்பட்டது. உறுமற்பாட்டென்றால் பேயையும் பிணத்தையும் பாடுவரென்று எண்ணியிருந்தேன், அத்தகையோரும் உளர். இவர்களோ பெண்கள்மேல் நிகழும் வன்கொடுமையையும் (தனா தன்), சமயத்தைக் காட்டி மக்களைப் பிரிக்கும் அரசியலாரையும் (கத்தார்), பள்ளிகளில் எளியாரை வலியார் துன்புறுத்துவதையும் (எண்டூரண்ட்) பாடினர். 2018இல் வந்த 'ஜீ வீரே' மனச்சோர்வுற்றாரைப் பற்றியது. பாட்டை வெளியிட்டதோடு அமையாமல், கேட்போர் சிலர் உளநல ஆலோசனை பெறுவதற்கான கட்டணத்தையும் தாமே செலுத்தினர். விலங்குகளைப் பேணும் தொண்டு நிறுவனமொன்றிற்கு அவசர ஊர்தியும் வாங்கித் தந்தனர். அலறுவோர் அமைதியாகச் செய்த செயல்கள் இவை.

எங்கள் சபையில் மூத்தவர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். "எல்லாஞ் சரி தம்பி, கிறிஸ்தவப் பிள்ளை கேட்கிற பாட்டா இது?" என்று வினவினார். அவருக்காக மற்றொரு குழுவைத் தேடிப்பிடித்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் என்னும் வேளாண் மாவட்டம் உளது. இன்றும் குதிரை வண்டியிற் செல்லும் ஆமிஷ் கிறிஸ்தவர் வாழுமிடம். அங்கே பள்ளி மாணவர் சிலர் 2003இல் 'ஆகஸ்ட் பர்ன்ஸ் ரெட்' என்னும் மெட்டல்கோர்க் குழுவைத் தொடங்கினர். அவர்கள் பயின்ற இடங்களுள் ஒன்று, முழவடிப்பவர் குடும்பத்துப் பண்ணையிலிருந்த பழைய முட்டைக் கொட்டகை! நாமக்கல்லிலிருந்து வரும் மாணவர் இதனை வாசித்து மகிழ்வாராக. கிறிஸ்தவக் குழுவென்றே பெயர்பெற்ற அதன் பாடகர் ஜேக் லூர்ஸ், உளத்துயருற்ற இளைஞருக்குத் துணைபுரியும் அமைப்பொன்றை 2011இல் நிறுவினார். டில்லியாரும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்தவரல்லர்; ஆயினும் உறுமும் குரலுக்குச் செவிசாய்ப்போர் எத்தகையோர் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். இன்னுமொன்று: நம் வேதாகமத்தில் 'சங்கீதம்' என்ற பெயரே பெற்ற நூலில் 88ஆம் பாட்டு, ஆறுதல் ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. அதனை நீக்கிவிட வேண்டுமென்று எவருஞ் சொல்வதில்லை. பெரியவர் இதற்கு உடன்பட்டாரென்று சொல்லமாட்டேன். "சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக் கேளுங்க" என்றார்.

அது நல்லுரையே. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த அளவு, பதினைந்து நிமிடச் சராசரியில் 100 டெசிபெல். காதுக்குள்ளேயே கருவியைச் செருகி இரவெல்லாம் கேட்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். குரற்பயிற்சி ஒன்றுமின்றி மேலாடைக் கறுப்பை மட்டும் பின்பற்றும் போலிகளிடத்தும் எனக்கு மதிப்பில்லை.

இவ்விசையரங்கில் முன்னே நிற்கும் இளைஞர் ஒருவரையொருவர் மோதிச் சுழல்வர். படத்தில் முதன்முறை கண்டபோது அடிதடியென்றே நினைத்தேன். பின்னர்க் கூர்ந்து நோக்கினேன். ஒருவன் வீழ்ந்தால் சுற்றியுள்ளோர் உடனே நின்று அவனைத் தூக்கி நிறுத்துகின்றனர்; இது அவர்களுக்குள் எழுதாச் சட்டமாம். இதனைக் கண்டதும் அண்ணன்மார் கதையின் படுகளம் நினைவிற்கு வந்தது. பொன்னர் சங்கர் வரலாற்றைக் கொங்குநாட்டுப் பாடகர் உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவர். காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் அதனை 1965இல் கனடா நாட்டு மானிடவியலார் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தமை அறிஞர் அறிந்ததே. உடன்பிறந்தார் மாயும் கட்டத்தில் உடுக்கை விரைய, கேட்டிருந்த ஆடவர் தம்மை மறந்து களத்தில் வீழ்வர். நெடுநேரம் அசையாது கிடப்பர். பின்னர் நீர் தெளித்து அவர்களை எழுப்புவர். யான் அவ்வழிபாட்டிற்கு உரியவனல்லேன். ஆனால் துயரை ஊரே கூடித் தாங்குவதற்கு நம் முன்னோர் ஓர் ஒழுங்கு வகுத்திருந்தனர் என்பதை மறுக்க மாட்டேன். வெண்கலக் குரலும் விரைந்த தோற்கருவியும் வீழ்ந்தாரை எழுப்பும் கைகளும் அங்கும் உள. விடுதியறையில் தனியே காதுக்கருவியோடு கிடப்பவருக்கு முதலிரண்டே கிட்டுகின்றன. மூன்றாவது கிட்டவில்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன்.

இப்பொழுது சில இரவுகள் இருவரும் ஒன்றாக அமர்ந்து கேட்கிறோம். ஒலியைக் குறைத்தே வைக்கிறோம். 'ஜீ வீரே' என்பதைத் தமிழாக்கித் தருமாறு நண்பர் வேண்டினார். 'ஜீ' என்பது வாழ் என்னும் ஏவல், அதில் இடரில்லை. 'வீர்' என்பதற்குப் பஞ்சாபியில் வீரன் என்றும் உடன்பிறந்தான் என்றும் இருபொருள். 'வாழ்க, வீரனே' என்று எழுதிக்கொடுத்தேன்; மேடைப்பேச்சுப் போலிருக்கிறதென்றார். 'வாழ், தம்பி' என்றேன். தாம் என்னினும் மூத்தவரென்று சிரித்தார். சிறிது நேரம் தாளையே பார்த்திருந்து, தம் தந்தையார் இருந்தால் 'இருந்து வாழு கண்ணு' என்றிருப்பார் என்று சொன்னார். அதனையே எழுதிவைத்தோம்.